கோணல் காது

ஜூன் 4
இன்று வலையில் ஆறு நாய்கள். ஒன்று கையுறையோடு விரலைக் கவ்வியது. நல்லவேளை, தோல் கிழியவில்லை. கருத்தடை முடிந்ததும் காது நுனியை வெட்டி விடுவோம். அந்த அடையாளம் கண்ணில் பட்டால் எங்கள் நாய்பிடி வண்டி நிற்காது. அண்ணனின் மரக்கடையில் காவலுக்கு இருக்கும் கருப்பிக்கும் காது வெட்டியிருக்கிறது. "போன வருஷமே முடிச்சாச்சு" என்றான். எங்கள் வீட்டிலும் ஒருத்தனுக்குப் புத்தி இருக்கிறதே!

ஜூன் 11
அண்ணியைக் குதறிவிட்டன. கறிக்கடைப் பின்சந்தில் நாலு இளம் நாய்கள். வலைக்கம்பால் ஒன்றின் மண்டையில் போட்டேன், அப்போதும் கெண்டைக்காலை விடவில்லை. சதை தொங்கியது. நாலுக்கும் முன்னங்கால் வெள்ளை. கருப்பிக்கும் அப்படித்தானே? சே, எத்தனை நாய்க்கு இருக்கும்.

ஜூன் 12
தெருவே இரும்புக் கம்பியோடு இறங்கிவிட்டது. நாலையும் அடித்தே கொன்றார்கள். வெறி அடங்கவில்லை. நாங்கள் ஊசி போட்டு, கருத்தடை செய்து விட்ட கிழட்டு நாயையும் சுவரோரம் மடக்கினார்கள்.
"காதப் பாருங்கடா! அது யாரையும் கடிக்காதுடா!" என்று குறுக்கே பாய்ந்தேன்.
"காதாவது மூக்காவது, தள்ளிப் போம்மா" என்று கறிக்கடைக்காரர் மறுபடி ஓங்கினார். என் சட்டையெல்லாம் அதன் ரத்தம். பாவிங்க. பாவிங்க.

ஜூன் 13
ஆஸ்பத்திரியில், தூக்கத்திலும் அண்ணி கடிபட்ட காலை இழுத்துக்கொள்கிறாள்.

ஜூன் 15
அண்ணிக்கு மாற்றுத்துணி எடுக்க, மரக்கடையை ஒட்டிய அண்ணன் வீட்டுக்குப் போனேன். கருப்பிக்கு மடி கனத்துப் பால் சொட்டுகிறது. கருத்தடை செய்த நாய்க்கு ஏது பால்? குனிந்து காதைப் பார்த்தேன். வெட்டு கோணல். எங்கள் டாக்டர் நேராகத்தான் வெட்டுவார்.
பக்கத்தில் கட்டி வைத்த கோணி அசைந்தது. அவிழ்த்தால் மூன்று குட்டிகள்.
அண்ணன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன்.
"ஆபரேஷன் பண்ணா காவல் காக்காதுன்னாங்க. அதான் நானே கத்தரியால... போன தடவக் குட்டிங்கள கறிக்கடைப் பக்கம் விட்டேன். எலும்பத் தின்னு பொழைச்சுக்கும்னு."
"பொழைச்சுதுடா! உன் பொண்டாட்டி காலத் தின்னு பொழைச்சுது!"
அறைந்துவிட்டேன். என் அண்ணனை. கை இன்னும் எரிகிறது, எரியட்டும்.

ஜூலை 20
வீட்டு நாய்க்குப் பதிவும் கருத்தடையும் கட்டாயம், தெருவில் விட்டால் வழக்கு என்று நகராட்சி அறிவித்துவிட்டது. இப்போதாவது விடிந்ததே.

ஆகஸ்ட் 9
கருத்தடை முகாமுக்கு அண்ணி வந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொன்றில் கருப்பியின் கயிறு. பால் மறந்த குட்டிகள் கூடையில்.
"உரிமையாளர் யாருன்னு எழுதறது அண்ணி?"
"எம்பேரப் போடு. அவர நம்ப முடியாது."
அண்ணன் வாசலைத் தாண்டி வரவில்லை. மயக்க ஊசி போட்டபோது கருப்பி முனகியது. அண்ணி சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனாலும் அது தூங்கும்வரை தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.