கடைசி பெஞ்சில் ஒரு சிலை

அன்புள்ள ஒல்லி டீச்சருக்கு,

கேண்டீன் அக்கா எழுதுவது. முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் நீ வேறு யார் வாயாலோ கேட்க வேண்டாம். நேற்று நாடக வகுப்பு அறையில் டீ கிளாஸ் பொறுக்கப் போன இடத்தில் கடைசி பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நான் மட்டும்தான். எழுந்தது நானும் பெஞ்சும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இடுப்புக்கு அளவெடுத்து, மேசையோடு சேர்த்து அடித்த பெஞ்சு அது. தச்சர் வந்து ஆணியைப் பிடுங்கித்தான் என்னை வெளியே எடுத்தார். பெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கிளார்க் கேட்டார். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பதினோரு மணி ஆனால் என் கை தன்னால் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுவிடுகிறது. குடிக்கத்தான் நீ இல்லை. வீணாகப் போகிறதே என்று கிளார்க் எடுத்துக் குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை ஆகாது. அந்தப் பாவமும் என் தலையில்தான்.

போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே எழுதினால் கோபித்துக்கொள்ளாதே. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வருகிறது.

டீச்சருக்குப் படிக்கிறவர்கள் நிஜப் பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கு முன்னால் பொய்ப் பிள்ளைகள் முன்னால் நின்று பழகணும் என்று நாடக மேடம் சொன்னாரே, அந்தப் பொய்ப் பிள்ளைகள் நாங்கள். வாட்ச்மேன், டிரைவர், கிளார்க், நான். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். வாட்ச்மேனுக்கு தூங்குமூஞ்சிப் பிள்ளை. அவருக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. எனக்கு வாயாடிப் பிள்ளை. மேடம் ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். முதல் நாள் நான் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு கிளம்பினேன். இந்த வயசில் எங்கே இப்படி என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எட்டாம் வகுப்புக்குப் போகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உன் முறை வருவதற்கு முன்னால் மத்தியானம் மத்தியானம் என் அடுப்படியில் வந்து பாடம் நடத்திப் பார்த்தாய். பாத்திரங்கள்தான் மாணவர்கள். பயம் வந்தால் உன் குரல் சின்னதாகிவிடும், சட்டைக் கையை இழுத்துக்கொள்வாய், வாயைத் திறந்தாலே "சரி, இப்ப என்னன்னா" என்றுதான் ஆரம்பிப்பாய். பள்ளிக்கூடத்தில் உன் கூடப் படித்தவர்கள் அதையே பேசிக்காட்டிப் பேசிக்காட்டி உன்னை மேடைப் பக்கமே போகவிடாமல் பண்ணினார்கள் என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாய். கண் கலங்கினதற்கு வெங்காயம்தான் காரணம் என்றாய். எனக்கும் வெங்காயம்தான் என்றேன்.

அன்றைக்கு நீ எடுத்தது நல்ல பாடம், கண்ணு. மேளத்தை மூன்று தட்டு தட்டினால் எல்லோரும் சிலை. சிலையாக நிற்கிறவர் தோளை நீ தொட்டால், அந்த ஆள் மனசில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லணும். ஒரு வீடு. நாளையிலிருந்து மூத்த பெண் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு பண்ணின நேரம். டிரைவர் அப்பா. கிளார்க் அம்மா, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்க்க லட்சணமாகவே இருந்தார். வாட்ச்மேன் தொட்டில் பிள்ளை, நிஜமாகவே தூங்கிப்போனார். மூத்த பெண் நான். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கணும்.

தட்டினாய். நின்றேன். ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுக் கடைசியில் என் தோளில் கை வைத்தாய். உன் கை சில்லென்று இருந்தது. "இவ மனசுல என்ன ஓடுது?" என்று மெதுவாகக் கேட்டாய்.

என்னிடம் பதில் இருந்தது. அதுதான் தொந்தரவு. நாலாம் வகுப்பிலேயே டீச்சரை ஊரைவிட்டு ஓட வைத்தவள் நான் என்று உன்னிடம் அளந்தேனே, அது வெறும் அளப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நிஜக் கதை இப்போது வேண்டாம். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. ஐயோ, எல்லோர் முன்னாலும் வந்துவிடப் போகிறதே என்று பயந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து வாயை அடைத்தேன். கைக்குக் கிடைத்தது நீ. சட்டைக் கையை இழுத்துக்கொண்டு, உன் குரலிலேயே, "சரி, இப்ப என்னன்னா" என்றேன்.

அறையே அதிர்ந்தது. சிலைகள் எல்லாம் சிரித்தன. தொட்டில் பிள்ளையும் எழுந்து சிரித்தது. மேடம்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்புச் சத்தம் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மறுபடியும் பண்ணினேன். நீ மேளத்தைத் தட்டினாய். எல்லோரும் நின்றார்கள். நான் நிற்கவில்லை.

அப்புறம்தான் உன் முகத்தைப் பார்த்தேன். மேளத்தை மேசைமேல் பூப்போல வைத்தாய். வெளியே போகும்போது கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாய். படார் என்று அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு அன்றைக்காவது தூக்கம் வந்திருக்கும்.

வாயாடிப் பிள்ளை என்றால் அப்படித்தான், நிஜப் பிள்ளைகள் இதைவிட மோசமாகப் பண்ணும், நீங்கள் உங்கள் வேடத்தைத்தான் செய்தீர்கள் என்று மேடம் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு வெங்காயம் உரித்த கதை தெரியாதே. நிஜப் பிள்ளை கல்லை எறியும், பட்டால் படும். எனக்கு எங்கே எறிந்தால் வலிக்கும் என்று தெரியும். நீயேதான் காட்டியிருந்தாய்.

உன் அறைத்தோழி நேற்று வந்தாள். ஊருக்குப் போய், உனக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயாம். துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குக் கேட்டு வைத்திருக்கிறாயாம். அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணிக்கடை நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பில் போடுகிற மிஷினுக்கு நீ தொட்டுக் கேட்கத் தோள் கிடையாது.

இன்று காலை மேடத்திடம் வெங்காயக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு உன் விலாசத்தை எழுதிக் கொடுத்து, "எழுதுங்கக்கா. அதிலயும் வேடிக்கை பண்ணி வச்சிடாதீங்க" என்றார். பாரு, இவ்வளவு தூரம் வேடிக்கைதான் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் இதை மட்டும் நேராக எழுதுகிறேன். நான் செய்தது தப்பு. நீ நம்பிச் சொன்னதை எடுத்து உன்மேலேயே எறிந்தேன். என்னை மன்னித்துவிடு.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உனக்கு இன்னொரு தடவை கொடுப்பதாக மேடம் சொல்கிறார். அன்றைக்கும் வராவிட்டால் உன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் திங்கட்கிழமை பாடம் நடத்திப் பழகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுவார்கள். என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சொல்லு. நான் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன், வாயாடிச் சீட்டை டிரைவர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். இருக்கலாம் என்று நீ சொன்னால் பின்னால் அகலமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அதே பாடத்தை நடத்து. அதே வீடு, அதே பெண். "சரி, இப்ப என்னன்னா" என்றே ஆரம்பி, எவன் சிரிக்கிறான் என்று பார்க்கிறேன். மேளம் தட்டு. என் தோளைத் தொட்டுக் கேளு. இந்தத் தடவை சொல்கிறேன்.

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டது நீ ஒருத்திதான், டீச்சர்.

உன் குரல் உனக்குக் கடைசிவரை துணை நிற்கட்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு. வெள்ளிக்கிழமை சர்க்கரை தூக்கலாகவே போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு,
உன் கேண்டீன் அக்கா

பி.கு: நீ விட்டுப்போன மேளம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்காகச் சிலையாக நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கிளார்க் நினைத்த நேரத்தில் வந்து தட்டுவார். அவர் மறுபடி தட்டும்வரை நான் அசையக் கூடாது என்று பேச்சு. இன்று மத்தியானம் பால் பொங்கி வரும்போது தட்டினார். நின்றேன். அதே நேரம் ஆபீசில் போன் அடித்தது, அவர் எடுக்கப் போனார். பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, தரையில் இறங்கி, வாசல்படி தாண்டி நடைபாதைக்குப் போனது. நான் அசையவில்லை. இன்று யாருக்கும் டீ இல்லை.