மோட்டார் ஓட்ட ஒருவர்

அன்புள்ள அப்பா,

இன்று கண்ணில் ஊற்றிய மருந்தின் வேகம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. எழுத்தெல்லாம் கலங்கலாகத்தான் தெரிகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் வயிற்றில் இருந்தபோது வந்த இனிப்புநீர் வியாதி, பிறந்த பிறகும் என்னை விடவில்லை. கண்ணைப் பார்த்துவிடச் சொன்னார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு நடந்ததைப் பார்த்தவளுக்குப் பயம் வராமல் எப்படி இருக்கும்?

புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அண்ணன் தம்பி நீங்கள் இருவரும். ஒரே சோறு, ஒரே வியாதி. பெரியப்பாவுக்குத்தான் முதலில் வந்தது. வருஷாவருஷம் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கண் பார்க்கப் போவீர்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பீர்கள்.

"நீயும் பாத்துக்கடா" என்பாராம் அவர்.

"ரெண்டு பேருக்கும் மருந்த ஊத்திட்டா மோட்டார யாரு ஓட்டுறது? வேல வாங்குற உங்க மண்டோரா வருவாரு?"

அவர் கண் சுத்தம் என்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல லா" என்பீர்கள். அண்ணன் கண்ணைப் பார்த்தால் தம்பிக்கும் பார்த்த மாதிரி!

அப்புறம் உங்கள் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. மண்டோர் திட்டினார். நீங்கள் கண்ணைப் பார்க்காமல் கத்தியைத்தான் தீட்டிக்கொண்டு இருந்தீர்கள். டாக்டர் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் கல்யாணத்தில் புடவை என்ன நிறம் என்று கேட்டீர்களே, அப்பா.

இன்று காலை பாரோயிலிருந்து பெரியப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "ஏறு. நான் ஓட்டுறேன்."

டாக்டர் என் வயதுப் பெண்தான். உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே இரத்தம், அவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன்.

"சீனி, பிரஷர் கட்டுக்குள்ள இருந்தா ஆபத்து குறையும். ஆனா சிலருக்கு எத்தன வருஷம் சீனி இருந்தாலும் கண்ணு கெடுறதில்ல. உடம்புல பிறவியிலேயே ஏதோ காவல் இருக்கலாம்னு தேடிக்கிட்டு இருக்காங்க. முழுசா தெரியல."

"அந்தக் காவல் எனக்கு இருக்கா டாக்டர்?"

"முகத்தப் பாத்துச் சொல்ல முடியாதுமா. கண்ணத்தான் பாக்கணும்."

பார்த்தார். இந்த வருஷம் ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் வரவேண்டும் என்றார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை அப்பா. அது இந்த வருஷத்துக்கு மட்டும்தானே?

திரும்பும்போது வெயில் கண்ணைக் குத்தியது. மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் வண்டி நின்றபோது பெரியப்பா மெல்லச் சொன்னார்: "அவன ஒரு தடவயாச்சும் பஸ்ஸில கூட்டிட்டுப் போயிருக்கலாம்மா."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். பெரியப்பா கண்ணை நம்பி என் கண்ணை விடமாட்டேன். வண்டி ஓட்ட ஆள் கிடைக்காத வருஷம் பஸ்ஸில் போவேன், உங்கள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு.

மோட்டாரில் உங்கள் முதுகைக் கட்டிக்கொண்டு வளர்ந்த,
உங்கள் மகள்