அக்காவின் மணிக்கட்டு நூல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உறையைப் பிரித்தபோது இங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், உன் மகள் வாலு, தைத்த துணியைக் கொடுக்க வந்த மாடி வீட்டுத் தையல்காரம்மா. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். எத்தனை நேரமானாலும் இதை நீயே படி. நர்ஸைப் படிக்கச் சொல்லாதே.

முதலில் நல்ல செய்தி. கணக்கு நோட்டைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள் என்று, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொல்லி அவளை என்னிடம் விட்டாயே, அந்த வாலு இப்போது வீட்டில் வட்டமாக இருக்கிற எதையும் விட்டுவைப்பதில்லை. என் படிப்புதான் பாதியில் நின்றுபோனதே. பாடப் புத்தகத்தை வைத்துச் சொல்லித்தர வரவில்லை. ஒரு நூலைக் கொடுத்துப் பாத்திர மூடியைச் சுற்றி அளக்கச் சொன்னேன். பிறகு குறுக்கே. குறுக்களவை மூன்று முறை வைத்தும் சுற்றிய நூலில் கொஞ்சம் மிஞ்சியது. தட்டிலும் மிஞ்சியது, வாளியிலும் மிஞ்சியது. "சித்தி, எல்லா வட்டமும் சேந்து பேசி வச்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள். சித்தப்பாவின் வயிற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத குறுக்க அளக்கணும்னா வெட்டணுமா?" என்றாள். அவர் எழுந்து ஓடிவிட்டார்.

அதன் பிறகுதான் மணிக்கட்டு ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் மாடி வீட்டுத் தையல்காரம்மா உட்பட எல்லோர் மணிக்கட்டையும் அளந்து, நூலை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். ஒரு வாரம் போல மறுவாரம் வராது. தனக்கு அளக்கவே தெரியவில்லை என்று அழுதாள். வீட்டுக் கணக்கில் எண்ணெயும் சோப்பும்கூட ஒரு மாதம் போல இன்னொரு மாதம் ஆவதில்லை என்று காட்டினேன். "கொஞ்சம் மாறினாத்தான்டி நெஜமா அளந்தோம்னு அர்த்தம்" என்று நான்தான் சொன்னேன்.

அவள் கேட்டபடி நீயும் கடிதத்துக்குக் கடிதம் உன் மணிக்கட்டு நூலை அனுப்பினாய். இந்த முறை வந்தது நான்காவது. நான்கையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பாத்தியா, உங்கம்மா என்னவிடப் பெரிய தையல்காரி. அளவு பிசகவே இல்ல" என்று தையல்காரம்மா சிரித்தார்.

வாலு சிரிக்கவில்லை. "உங்களுதே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, ஆன்ட்டி" என்றாள். கொஞ்ச நேரம் நூல்களைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டி வச்சிருக்கா, சித்தி. இன்னும் எத்தன வச்சிருக்கா?"

தையல்காரம்மா கொடுக்க வந்த துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பேச்சை மாற்ற, 'நன்றாகத் தேறி வருகிறேன்' என்று நீ எழுதிய வரியை வாசித்துக் காட்டினேன். "அதுவும் அன்னைக்கே எழுதினதா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் அளக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். மூடிகள் எல்லாம் அலமாரியில் வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

அக்கா, உறையின் மேல் இருக்கும் விலாசமும் உன் கையெழுத்தில் இல்லை. நான் தினமும் கடவுளைக் கும்பிட உட்காருகிறேன். உன் பெயரைச் சொல்கிறேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன்.

பிள்ளை பயப்படக் கூடாது என்றுதான் இப்படிச் செய்தாய். எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் இப்போதே பயந்துபோய்த்தான் இருக்கிறாள், அதுவும் தனியாக. உன் கை இளைத்திருந்தால் இளைத்த கையாகவே இருக்கட்டும். அதைப் பிடித்துப் பார்க்க அவளுக்கு வேண்டும்.

வெட்டாத நூல் கொஞ்சம் இதில் வைத்திருக்கிறேன். வாலு கொடுத்தது. இன்றைக்கு உன் மணிக்கட்டு எவ்வளவோ அவ்வளவு வெட்டி அனுப்பு. வெட்டத் தெம்பில்லை என்றால் விட்டுவிடு, நாங்கள் வந்து அளந்துகொள்கிறோம். அவர் ரயில் நேரம் விசாரித்து வைத்திருக்கிறார். மற்றப் பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. அவளுடையதைத்தான் உன் சொல்லுக்காகக் கட்டாமல் வைத்திருக்கிறேன்.

கடவுள் உன் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். அவளை அழைத்து வரட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை