பெண் கேட்ட சுருட்டுப் புகை

நலம் பெருகுக. மேகங்கள் இறங்கித் தண்ணீர் கேட்டுப் போகும் மஞ்சுக்குன்ற நாட்டின் அரசர், இடிக்குக் குடை கொடுத்தவர், திருமிகு நெடுவேளார் ஆணையால் அமைச்சர் ஆதன் கிழார் எழுதும் ஓலை; நிலவு வந்து நெல் காயவைக்கும் பவளத்துறை நாட்டின் அரசியார், திருமிகு எழினி நாச்சியார் திருமுன் காண்க.

இரு நாட்டுக்கும் நடுவே நிற்கும் கூகைமலை வழியே புகையால் செய்தி சொல்லும் வழக்கம் தாங்கள் அறிந்ததே: ஒரு புகை நலம், இரு புகை வெள்ளம், ஒன்பது சுருள் சேர்ந்தெழுந்தால் பெண் கேட்பது. சென்ற திங்கள் எங்கள் அரண்மனையில் ஒன்பது சுருள் எழ, மலைக்காவலர் பூழியனார் அதை வழுவாமல் தங்கள் பக்கம் ஏற்றினார். மறுநாளே சம்மதப் புகை வந்தது. பின்னாலேயே ஏழு யானை நிறையத் தாழம்பூவும் வந்தது.

மன்னர் திகைத்தார். அவர் கேட்கவே இல்லை. ஒன்பது குவியல் விறகு அடுக்கி, கொள்ளியைக் கையில் எடுத்து, கேட்கத் துணியாமல் கீழே வைத்தே மூன்றாண்டைக் கழித்தவர் அவர்.

விசாரணையில் பூழியனார், "புகை பேசுச்சு சாமி, நான் எடுத்துச் சொன்னேன். எந்த வாயிலேர்ந்து வந்ததுன்னு அதுல எழுதியா இருக்கு?" என்றார்.

வாய்கள் அகப்பட்டது அரண்மனை நெசவுச்சாலையில். ஒன்பது சாளரம், சாளரத்துக்கு ஒரு சுருட்டு. நீலப்பட்டு தறியிலிருந்து சாம்பல் நிறமாய் இறங்கியது; உள்ளே புகுந்த புறா ஒன்று வழி தெரியாமல் இரண்டு நாள் நடந்தே வெளியேறியது. ஒன்பதாம் சாளரத்தில் நின்றவர் இவ்வோலை எழுதும் அமைச்சர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூலைத் தறியில் இருந்த அழிசி என்னும் நெசவுப்பெண் இருமிக்கொண்டே வணங்கி, "இழுக்கிறது அவங்க, இருமுறது நானா ராசா?" என்று கேட்டாள். மன்னர் அன்று உண்ணவில்லை. மறுநாள் ஆணை பிறந்தது: வேலைச்சாலை, சந்தை, கோயில் முற்றம், ஓடம் எங்கும் புகைத்தல் ஆகாது; பள்ளிக்கு நூறு கோல் தொலைவுக்குள் புகையிலை விற்றல் ஆகாது; சிறாருக்கு எங்குமே விற்றல் ஆகாது; மீறியவரும், முன்பே சாளரத்தில் நின்ற ஒன்பதின்மரும் ஒரு திங்கள் கூகைமலைக்குத் தண்ணீர் சுமப்பது.

பத்தாம் நாள் வானம் துலங்கிற்று. பட்டு நீலமாயிற்று, அழிசியின் இருமலும் தணிந்து வருகிறது. மேல்மாடத்தில் நின்ற மன்னர், மலைக்கப்பால் இத்தனை ஆண்டும் மேகமென்று எண்ணியிருந்த வெண்மை தங்கள் மாளிகைக் கோபுரம் என்று கண்டுகொண்டார். அன்று முதல் குதிரைமேல் அமர்ந்துகொண்டே குதிரை எங்கே என்று கேட்கிறார்.

ஆகவே அரசியார் அறிக. தங்களைக் கேட்டது சுருட்டு. சுருட்டுக்குக் கிடைத்த சம்மதத்தை மன்னர் தமதென்று வைத்துக்கொள்ள மாட்டார். தாழம்பூ அனைத்தையும் இத்துடன் அனுப்பிவிட்டார், ஒரு மடல் தவிர. அதை மட்டும் தர மனமில்லை. இப்போது புகையின்றித் தாமே கேட்கிறார்: வருவீர்களா?

ஆம் எனில், மடல் அவரிடமே இருக்கட்டும் என்று ஓலையில் ஒரு வரி எழுதி அருள்க. இல்லை எனில், யானை ஒன்றை அனுப்பி அருள்க. அந்த ஒரு மடலை அவர் கையிலிருந்து எடுத்துவர மனிதரால் ஆகாது.

தாழை முத்திரை இட்டு, கூகைமலை உச்சியில், தண்ணீர்க்குடம் இறக்கிய கையோடு எழுதியது. குடமும் ஓலையும் அரசாணைப்படியே.