நின்ற வண்டிக்குக் கூலி இல்லை

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
18.02.1986

அன்பு மகன் தவநேசனுக்கு,

அம்மா, நான், லொறி மூவரும் நலம். லொறிக்குக் கிளச் மட்டும் தேய்ந்துவிட்டது. அந்தக் குளிருக்குள் உனக்கு ஒரு நோய் நொடியும் வராமல் கண்ணகை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். காலுறை போடாமல் வேலைக்குப் போகாதே என்பதும் அவள் சொன்னதுதான். இனி நான் சொல்வதைக் கேள்.

தரகர் மார்க்கண்டுவை உனக்குத் தெரியும். போன ஆவணியில் அவர் பிடித்துத் தந்த வெங்காய லோட்டைக் கொழும்புக்கு ஏற்றிப் போனேன். இறக்க இடமில்லை, பொறுங்கோ என்றார். மூன்று நாள் தெருவிலே நின்றேன், வெயிலுக்குப் படங்கைக் கழற்றிக் காற்று விடுவதும் மழைக்கு மூடுவதுமாக. போய்ச் சேர்ந்த நேரம், இறக்கிய நேரம், மீற்றர் எல்லாம் ஓட்டக் கொப்பியில் எழுதி அவருடைய ஆளிடமே கையெழுத்தும் வாங்கினேன். தொழில் படித்தவன் வேறு எப்படிச் செய்வான். காத்து நின்றதற்குக் கூலி கேட்கப் போனால் மனுசன் கொப்பியை விரித்தும் பார்க்கவில்லை. "அண்ணை, நிண்ட வண்டிக்கு என்ன கூலி? சக்கரம் சுத்தினாத்தானே காசு. நீங்கள் சும்மா படுத்துக் கிடந்ததுக்கும் நான் தரவேணுமோ?" என்று அவ்வளவு றைவர்மாருக்கும் முன்னால் சிரித்தார். அதோடும் விடவில்லை, அழுகின வெங்காயத்துக்கென்று என் வாடகையிலும் வெட்டினார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது.

தை பிறந்த கையோடு அதே மார்க்கண்டு புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார், தன் மகள் மீனலோசனியின் சாதகமும் படமும் கொண்டு. ஜேர்மனி மாப்பிள்ளை வேண்டுமாம். கதிரை போட்டேன், அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். மகனுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும், பொறுங்கோ என்றேன். உனக்கு நான் எழுதவே இல்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி வருகிறார். நான் லொறிக்குக் கீழே படுத்தபடியே பொறுங்கோ என்கிறேன். உன்னை நம்பி மகளுக்கு வந்த வேறு சம்பந்தத்தையும் திருப்பிவிட்டாராம். போன கிழமை, "அண்ணை, எவ்வளவு காலம் நான் இப்பிடி நிக்கிறது?" என்றார். "நிண்டா என்ன, சக்கரம் சுத்தேல்லையே" என்றேன். முகம் செத்துப்போச்சு. ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா மட்டும், "பொம்பிளைப் பிள்ளையை வைச்சு விளையாடுறியள்" என்று என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

முந்தநாள் அந்தப் பிள்ளையே சைக்கிளில் வந்தாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதுகிறவள். நான் வெளியே வரவில்லை. குனிந்து லொறிக்குக் கீழே பார்த்து, "ஐயா, அப்பா உங்களுக்குச் செய்தது பிழை. அவரை வருசக்கணக்கா நிப்பாட்டுங்கோ, நான் கேக்கமாட்டன். ஆனா வண்டிக்குள்ளை கிடந்து அழுகிறது நானெல்லோ" என்றாள். பதிலுக்கு நிற்கவும் இல்லை. திருகின நட்டை எந்தப் பக்கம் திருகினேன் என்றே எனக்கு மறந்துபோனது.

உனக்கு எழுதப்போகிறேன் என்ற பிறகுதான் அம்மா என்னோடு திரும்பக் கதைத்தாள். ஆகவே நீ செய்யவேண்டியது இது. சாதகமும் படமும் இதற்குள் இருக்கின்றன. விருப்பமோ இல்லையோ நேரே அவளுக்கு எழுது, சங்கக்கடை விலாசத்துக்கு. இல்லையென்றால் இல்லையென்று எழுது, அவள் தன் வழியைப் பார்க்கட்டும். ஓமென்றால் சீதனமாக ஒரு சதமும் கேட்காதே, அந்த மனுசனின் காசு இந்த வாசல் படலையைத் தாண்டக்கூடாது. எனக்கு வரவேண்டிய கூலி வேறு கணக்கு, அதை நான் விடமாட்டேன். எனக்கு எழுதாதே, அவருக்கும் எழுதாதே. அவள் தகப்பனிடம் சொல்லுவாளோ விடுவாளோ அவள் பாடு. அவர் வருகிற வெள்ளியும் வரட்டும், கதிரை போடுவேன், தேத்தண்ணி கொடுப்பேன், பொறுங்கோ என்பேன்.

அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடுதான். மத்தியானம் பட்டினி கிடக்காதே. ஒன்றை மட்டும் மறவாதே, கடிதம் கண்ட அன்றே எழுதிப் போடு. அந்தப் பிள்ளையைக் காத்து நிற்க வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சரவணமுத்து