பெருங்களத்தூரில் நின்ற பஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹெப்சி எழுதுகிறேன். கர்த்தர் தயவால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

தாம்பரத்தில் எங்கள் கல்லூரி மைதானத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கபடிப் போட்டி நடக்கிறது. ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. நேற்று அரையிறுதி. எங்களோடு மோத வேண்டிய அணியின் பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நேரத்துக்கு வராவிட்டால் ஆடாமலே எங்களுக்கு வெற்றி.

"இன்னும் என்ன மேடம்? நாம ஜெயிச்சிட்டோம்னு அனவுன்ஸ் பண்ணுங்க" என்று எங்கள் உடற்கல்வித் துறைத்தலைவர் அவசரப்படுத்தினார்.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கேட்டுக்கும் மைதானத்துக்குமாக நடந்தேன். கடைசியில் எங்கள் கேப்டன் மெஹர் பானுவிடமே கேட்டேன்.

"வெயிட் பண்ணலாம் மேடம். வராதவங்கள இன்னாத்த ஜெயிக்கிறது?" என்றாள்.

காத்திருந்தோம். நேரம் கடந்தபின் அந்தப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையும் கையுமாக ஓடி வந்தார்கள். ஆடினோம். ஒரே புள்ளியில் தோற்றோம். மெஹர் பானு அழுதுகொண்டே அவர்களுக்குக் கை கொடுத்தாள்.

நேற்றிலிருந்து துறைத்தலைவர் என்னோடு பேசுவதில்லை. என் தற்காலிக வேலையை நீட்டிக்கக் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். போட்டுவிடுவார், கவலைப்படாதீர்கள்.

தங்கை ஜென்சி வரும்போது என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். புதியதில் தூக்கம் பிடிப்பதில்லை. மாடியில் என் அறையை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னீர்களே, இந்த மாதம் மட்டும் பொறுங்கள் அம்மா.

இறுதி ஆட்டத்துக்குக் கோடு போடக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
ஹெப்சி