அப்பா அடையாளம் காட்டப் போகும் படங்கள்

அன்பு மகள் வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பாவுக்குப் பாம்புக் காது, அடுத்த அறையில் பென்சில் சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று கடத்திக்கொண்டே இருக்கிறார். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது, அந்தச் சத்தத்தை அத்தனை நாள் திட்டியவளும் நான்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மூக்கின் மேல்.

நீ கடைசியாக அவரோடு போனில் சண்டை போட்டதிலிருந்து உன் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் போன் அடித்தால் முதலில் தலையைத் தூக்குவது அவர்தான். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் கத்தியது எனக்கும் கேட்டது. கம்ப்யூட்டர் வரைஞ்சா என்னப்பா, இப்படி வரை அப்படி வரைன்னு சொல்றது மனுஷன்தானே, அதுவும் படைப்புதான் என்றாய் நீ. சொன்னவன் எப்படிடி வரைஞ்சவன் ஆவான், கையில மை படணும் என்று அவர் குதித்தார். நான் அப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவர் கோடு போட்டுத் தந்த முயலுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். காதை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கு என்று சற்று முன்புதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொல்கிறார், நான் தீட்டுகிறேன், அடியில் கையெழுத்து அவருடையது. நீ சொல்வது சரி என்றால் படம் முழுக்க அவருடையது, அவர் சொல்வது சரி என்றால் பாதி என்னுடையது. தன் வாயாலேயே பாதியை எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், அது மனுஷனுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது நம் மூன்று பேரைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. சின்ன வயசில் இலைக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு நீ ஓடுவாயே, மறந்துவிட்டாயா. கல்யாணமான புதிதில் அவருக்காக பிரஷ்ஷைக் கையில் எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. என் பெயர் எதிலும் இல்லை என்று எனக்கு ஒரு நாளும் மனக்குறை இருந்ததில்லை. இருந்திருக்கிறது போலிருக்கிறது, எழுதும்போதுதான் தெரிகிறது, சரி, அதை விடு.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக அப்பா படம் போட்டுக் கொடுத்தாரே, குழந்தைகள் கதைப் புத்தகம் போடும் அந்தப் பதிப்பகம், அவர்கள் புதிதாக ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே எல்லாம் அப்பா போட்டது மாதிரியே இருக்கிறது, ஒன்றுகூட அவர் போட்டதில்லை. அவருடைய பழைய படங்களையெல்லாம் மெஷினுக்குக் காட்டிப் பழக்கி, அதையே வரைய வைத்திருக்கிறார்கள். கேட்டால், நாங்கள் எந்தப் படத்தையும் நகல் எடுக்கவில்லை, இது புதுப் படைப்பு என்கிறார்கள். ஓவியர் சங்கம் புகார் கொடுத்து விசாரணைக் குழுவும் போட்டாகிவிட்டது. அதுவரை எல்லாம் சரி. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெஷின் போட்டதில உயிர் கிடையாது, ஆயிரம் படத்தோட கலந்து போட்டாலும் என் படத்தை நான் எடுத்துக் காட்டுவேன் என்று சவால் விட்டுவிட்டார். கைதட்டல் அப்படி இருந்ததாம். பதிப்பகத்தார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் விசாரணையில் இரண்டையும் கலந்து வைக்கிறோம், எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், குழுவும் சரி என்றுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இவருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது.

போன வாரம் சங்கச் செயலாளர் வந்தார். தடிமனாகக் கண்ணாடி போட்டிருப்பாரே, நீ சோடாபுட்டி மாமா என்பாயே, அவர்தான். ஒரு ஒத்திகை பாத்துடலாம்ணே என்று ஒரு கட்டுப் படம் கொண்டுவந்தார். பழைய படமும் மெஷின் படமும் ஒரே மாதிரித் தாளில் அச்சடித்தது. எது எது என்று பின்பக்கம் பென்சிலால் பொடியாகக் குறித்து வைத்திருந்தார். அசல் ஒன்றுகூட நம்மிடம் கிடையாதே, பதிப்பகத்துக்குப் போனது போனதுதான். அப்பா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மளமளவென்று பிரித்தார். ஒரு படம் வந்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. படிக்கட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது, ஒரு பையன் தான் நனைந்துகொண்டு அதற்குக் குடை பிடிக்கிறான். இது நான் காய்ச்சலோட உக்காந்து போட்டது, அந்த நாயோட பின்னங்கால் வரவே இல்ல, அழிச்சு அழிச்சுத் தாளே கிழிஞ்சிடுச்சு என்று செயலாளரிடம் கதை சொன்னார். நான் டீ டம்ளரை எடுக்கக் குனிந்தபோது அந்தத் தாளின் பின்பக்கம் தெரிந்தது. மெஷின் என்று இருந்தது. செயலாளரும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அப்பா கவனிக்காதபடி தாளைக் கட்டுக்குள் செருகிவிட்டார். அப்பா தப்பாகச் சொன்னதுகூடப் பெரிதில்லை. வரையாத படத்துக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? அவருக்கு ஞாபகம் குழம்ப ஆரம்பித்துவிட்டதா, இல்லை அந்தப் பாழாய்ப்போன மெஷின் அவர் ஞாபகத்துக்குள்ளேயே கையை விட்டுவிட்டதா, எதற்குப் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது செயலாளர் மெதுவாகச் சொல்கிறார், தோத்தாலும் நமக்கு லாபம்தான் அண்ணி, வரைஞ்சவருக்கே தெரியாத அளவுக்குத் திருடியிருக்காங்கன்னு சொல்லிக்கலாம் என்று. சங்கத்துக்கு லாபம்தான். அத்தனை பேர் முன்னால் நின்று திருதிருவென்று விழிக்கப் போவது சங்கமா, என் வீட்டுக்காரரா? அவருக்கு அந்த நிமிஷத்துக்கு அப்புறம் பென்சிலைத் தொட மனசு வருமா? பென்சிலைத் தொடாவிட்டால் அவர் என்ன செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாய்க்கு அடியில் நிழல் ஊதாவாக இருந்தது. நிழலுக்குக் கறுப்பு போட்டால் படம் அழுக்காகிவிடும் என்று, நீலத்தில் துளி சிவப்பு சேர்த்துத் தண்ணீராக இழுத்துவிடுவது என் பழக்கம். அப்பா கண்ணுக்கு அது வெறும் நீலம். புத்தகம் படித்த ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, மெஷின் மட்டும் கவனித்திருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். அந்தச் சந்தோஷம் வந்ததுதான் எனக்கு இன்னும் பயம்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். விசாரணைக்குப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே, நீ சொன்னாய் என்பதற்காகவே முதல் ஆளாகப் போய் நிற்பார். உன் கட்சியை நீ மாற்றிக்கொள்ளவும் வேண்டாம், அதை நீங்கள் இரண்டு பேரும் சாவகாசமாக அடித்துக்கொள்ளுங்கள். போன் செய்து, அப்பா, நிறம் அம்மா போட்டது, உங்க கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான், அதை அவங்க கேக்கறதுக்கு முன்னாடி விசாரணையில நீங்களே சொல்லிடுங்க என்று சொல். பதிப்பகத்து வக்கீல் ஒரு இலையைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? நானே சொல்லலாம்தான். இத்தனை வருஷம் கழித்துப் பங்கு கேட்க வந்துவிட்டாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டாலும் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் உன்னைச் சொல்லச் சொல்கிறேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நேற்று அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, செயலாளர் விட்டுப்போன அந்தப் படக்கட்டை நான் பிரித்தேன். அவரோடு நானும் போய் உட்காரலாமே, கோடு அவருக்குத் தெரியாவிட்டாலும் என் நிறம் எனக்குத் தெரியாதா என்று ஒரு துணிச்சல்தான். பின்பக்கம் பார்க்காமல் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தேன். ஒரு படத்தில் ஒரு சின்னப் பெண் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கன்னத்தில் சிவப்பு அதிகம், நான் இப்படித் தீட்ட மாட்டேன் என்று தோன்றியது. முகத்துல உயிரே இல்ல என்று வாய்விட்டே சொல்லி மெஷின் பக்கம் தள்ளிவிட்டேன். எல்லாம் முடிந்து திருப்பிப் பார்த்தால் பழசு என்று எழுதியிருக்கிறது. செயலாளர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று முகத்தை மறுபடி பார்த்தேன். இடது புருவத்தின் நடுவில் ஒரு கீற்று, அங்கே முடி இல்லை. பள்ளிக்கூட பெஞ்சில் இடித்துக்கொண்டு தையல் போட்டு வந்தாயே, அன்று சாயங்காலம் உன் அழுகையை நிறுத்த ஜன்னலில் உட்கார வைத்து அப்பா போட்டது. அழுது அழுது உன் கன்னம் அப்படித்தான் சிவந்திருந்தது, பார்த்துப் பார்த்துத் தீட்டியவள் நான்தான். பெற்ற பிள்ளையை, என் கையாலேயே தீட்டியவளை, உயிர் இல்லை என்று தள்ளி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு இது தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய், அப்போதுதான் கொஞ்சம் நல்ல மனுஷனாக இருப்பார். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. எப்படியாவது லீவு சொல்லி விசாரணைக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, வீடியோவில் வேண்டாம், நேரில் வா. உன் முகத்தை நான் கிட்டத்தில் வைத்து ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா